பூனைகளை அடுக்கியது யார்?

ஆங்கிலேய ஓவியர் லூயிஸ் வெய்னின் பூனைப் படங்களை வரிசையாகப் போட்டு, அவருடைய மனச்சிதைவு நோய் முற்ற முற்றப் பூனை எப்படிக் கோலமாகச் சிதறுகிறது பாருங்கள் என்கிறது ஒரு கட்டுரை. சரி, அந்த வரிசையைப் போட்டது யார்? வெய்ன் இல்லை. அவர் இறந்த 1939ஆம் ஆண்டில் லண்டன் கடையொன்றில் அவற்றை வாங்கிய வால்டர் மேக்ளே என்ற மனநல மருத்துவர்தான் தன் ஊகப்படி அடுக்கினார், படங்களில் தேதியே கிடையாது! 1924இல் மனநல மருத்துவமனையில் சேர்த்த பிறகும், கடைசியாக இருந்த நாப்ஸ்பரி மருத்துவமனையிலும்கூட வெய்ன் அவ்வப்போது பழைய பாணிப் பூனைகளை வரைந்துகொண்டுதான் இருந்தார். அவருடைய அம்மா கம்பளத்துக்கும் துணிக்கும் டிசைன் போட்டவர், படங்களில் பூனையைச் சுற்றி வரும் பூவேலை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க டாக்டர் வேண்டுமா என்ன? நோய் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் இதே படங்களைத் தலைகீழாக அடுக்கி, மனிதர் மெல்ல மெல்லக் குணமாகிவிட்டார் என்று எழுதியிருந்தாலும் நம்பித் தலையாட்டியிருப்போம்.