அந்த வீடியோவில் நடந்தது கணக்குப் பாடம்

ஊரெல்லாம் பகிரும் அந்த வகுப்பறை வீடியோவுக்குப் பதில் எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். எங்கள் தலைமையாசிரியரும் விட்டுவிடுங்கள் டீச்சர் என்றார். விட்டிருப்பேன். ஆனால் நேற்று எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பிலேயே அந்த வீடியோ வந்து, அதற்குக் கீழே பெரியப்பா முறையாகும் ஒருவர் "இதுக்குத்தான் சம்பளமா?" என்று போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எந்த வீடியோ என்று காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி வகுப்பை ஜன்னலுக்கு வெளியே நின்று எடுத்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஈர்க்குச்சிகளைப் பிரித்துப் போட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சரும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். "பாடம் நடத்தச் சொன்னா விளையாட்டு காட்டுறாங்க" என்று மேலே எழுத்து. அது என் வகுப்பு இல்லை. ஆனால் அந்த டீச்சரை எனக்குத் தெரியும், பயிற்சிக்கெல்லாம் ஒன்றாகத்தான் போவோம். என் வகுப்பிலும் அதேதான் நடக்கிறது. அதனால் அது என்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே நடந்தது கணக்குப் பாடம். கழித்தல். தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள்.

32-இல் 7 போக எவ்வளவு? நமக்கெல்லாம் எப்படிச் சொல்லித் தந்தார்கள்? "2-இல் 7 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு, 12." ஏன் கடன் வாங்க வேண்டும், 1 வாங்கினால் எப்படிப் பத்தாகிறது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பிள்ளைகள் கையில் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட மூன்று கட்டு, தனியாக இரண்டு குச்சி. ஏழு குச்சி எடுத்துக் கொடு என்றால் கையில் உதிரி இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை கொஞ்ச நேரம் முழிக்கும். பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். அப்புறம் தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த அவிழ்ப்புதான் கடன் வாங்கிக் கழித்தல். அதைக் கையால் ஒருமுறை செய்த பிள்ளைக்குப் பிறகு நோட்டில் எழுதச் சொல்லிக் கொடுப்பது சுலபம். வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். மஞ்சள் ரிப்பன் கட்டிய பிள்ளை ரப்பர் பேண்டைக் கழற்றுவது தெரியும். நீங்கள் விளையாட்டு என்று சிரித்த அந்த இடத்தில்தான் அவளுக்குக் கணக்குப் புரிந்தது.

இது அந்த டீச்சர் பொழுதுபோகாமல் கண்டுபிடித்ததும் இல்லை. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை முதலில் வந்தது, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்தது. எந்த வகுப்பில் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறோம். பாடல் களம், கதைக் களம், படித்தல் களம் என்று வகுப்புக்குள்ளேயே இடம் வைத்திருக்கிறோம். அதற்கும் முன்னால் செயல்வழிக் கற்றல் இருந்தது. அப்போதும் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தரையில்தான் உட்கார்ந்தார்கள். சுவரில் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை அடித்திருப்பது அழகுக்காக இல்லை.

"நாங்களெல்லாம் வாய்பாடு மனப்பாடம் பண்ணித்தான் படிச்சோம், குறைஞ்சா போயிட்டோம்?" இதைத்தான் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். வாய்பாடு வேண்டாம் என்று யார் சொன்னது? என் வகுப்பில் தினமும் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மனப்பாடம் மட்டும்தான் படிப்பு என்று பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த செட்டியார்கள் தங்கள் பையன்களுக்குத் தொழிலை எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள்? பெட்டியடியில் உட்கார வைத்து, பேரேட்டைப் பார்க்க வைத்து, கையால் செய்ய வைத்துத்தான் கற்றுக் கொடுத்தார்கள். அதைப் பெருமையாகப் பேசுவோம். அதையே ஒரு கூலிக்காரர் பிள்ளை ஈர்க்குச்சி வைத்துச் செய்தால் விளையாட்டா?

போன வருடம் பின்னம் நடத்தும்போது நடந்ததைச் சொல்கிறேன். கால், அரை, முக்கால் என்று வட்டம் போட்டு, நிழலடித்துக் காட்டியும் ஒரு பையனுக்கு ஏறவேயில்லை. அவன் அப்பா, தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூலை உடைந்து ஒதுக்கிப் போட்ட கல் நாலு கொண்டுவரச் சொன்னேன். ஒரு கல்லில் பூவின் கால் பங்குதான் இருக்கும். நாலு கல்லைச் சேர்த்து வைத்தால்தான் முழுப் பூ. அவன் ஒன்று வைத்து "கால் பூ" என்றான். இன்னொன்று வைத்து "அரை" என்றான். மூன்றாவதை வைத்துவிட்டு நான் கேட்பதற்கு முன்னாலேயே, "டீச்சர், முக்கால், இன்னும் ஒரு கல்லு வேணும்" என்று கத்தினான். அன்றைக்கு மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தது அவன்தான். அவ்வளவு சத்தம். ஜன்னலுக்கு வெளியே யாராவது போனோடு நின்றிருந்தால், "பள்ளிக்கூடத்தில் கல் பதிக்கும் வேலை வாங்குகிறார்கள்" என்று போட்டிருப்பீர்கள்.

"அந்தக் காலத்தில் பிரம்பு இருந்தது, வகுப்பு அமைதியாக இருந்தது." பிள்ளைகளை அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. அதற்கு மேல் இதில் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

"அப்படியானால் அஞ்சாவது பிள்ளைக்கு ஏன் இன்னும் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை?" சரி, சிலருக்குத் தெரியவில்லைதான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டு பேர். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஒருவர். நடுவில் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டியதை ஏற்ற வேண்டும், செயலியில் மதிப்பீடு போட வேண்டும், சிக்னல் கிடைக்காது. இதையெல்லாம் ஒருநாள் வீடியோ எடுத்திருக்கலாமே தம்பி.

அப்புறம் அந்த வழக்கமான கேள்வி, "உங்க பிள்ளை எங்கே படிக்குது டீச்சர்?" என் மகன் ஐந்தாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில்தான் படித்தான். என் நாத்தனார் மகள் ஒரு ஆங்கில வழிப் பள்ளியில் ஒன்றாவது படிக்கிறாள். இரவு சாப்பிட்ட பிறகும் நோட்டில் நூறு வரை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஐம்பத்தேழு பெரியதா, எழுபத்தைந்து பெரியதா என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கிறாள். அதற்கு வேன் கட்டணம் தனி. அங்கே யாரும் ஜன்னல் வழியாகப் படம் எடுப்பதில்லை. கேட்டைத் தாண்டவே விடமாட்டார்கள்.

எங்கள் பள்ளிக்குள் மட்டும் யார் வேண்டுமானாலும் வரலாம், எதையும் எடுக்கலாம், எதையும் எழுதலாம். 300 ஏக்கர் கொடுத்து சிக்ரி ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டுவந்த வள்ளல் அழகப்பர் ஊர் என்று மேடையில் பேசுகிறோம். இங்கே பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளில் ஒன்றின் முற்றத்துக்குள் எங்கள் பள்ளியே அடங்கிவிடும். பள்ளியின் ஓர் அறைக்குள் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அரும்பில் இருக்கும் பிள்ளையை மொட்டுக்குக் கொண்டுவர என்ன பாடுபடுகிறோம் என்று ஒருவராவது கேட்டதுண்டா? கல்யாண வீட்டில் பார்த்தால், "உங்களுக்கென்ன டீச்சர், பாட்டுப் பாடியே சம்பளம்" என்கிறீர்கள். நானும் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போயிருக்கிறேன். அன்றெல்லாம் சாப்பாடு இறங்கியதில்லை.

எனக்காவது பரவாயில்லை. அந்த மஞ்சள் ரிப்பன் பிள்ளையின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வேலை செய்யும் இடத்தில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "எம்புள்ள படிக்கலையா டீச்சர்?" என்று கேட்டாராம். ஒரு கட்டைத் தானாக அவிழ்த்த பிள்ளையின் அம்மாவை அப்படிக் கேட்க வைத்துவிட்டீர்கள்.

கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கூட்டத்துக்கு வாருங்கள், ஏன் தரையில் உட்கார வைக்கிறீர்கள், ஏன் இவ்வளவு சத்தம் என்று கேளுங்கள். வகுப்பிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், நான் பாய் போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால், வீடியோ எடுத்த தம்பியும், அதைப் பகிர்ந்த பெரியப்பாவும் மற்றவர்களும் அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியும் அந்தப் பதிவை இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள்.