லேசானதுக்கும் மெஷின்தானா?

முந்தாநாள் அந்த டாக்டரின் பதிவுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பார்க்காதவர்கள் இப்போது போய்த் தேட வேண்டாம், என் கமெண்ட்டைத் தவிர மற்ற எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஸ்லீப் ஆப்னியாவுக்கு, அதாவது தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற கோளாறுக்கு, லேசாக இருந்தாலும் சிபாப் மெஷின்தான் என்று எழுதியிருந்தார் அவர். மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்துவைக்கிற மெஷின் அது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. லேசான ஸ்லீப் ஆப்னியாவுக்கு சிபாப் மெஷின் தவிர வேறு வழிகளும் உண்டே, அதையும் சேர்த்துச் சொல்லலாமே? அதற்குத்தான் ஒருவர் என்னைக் கஞ்சப் பிசினாறி என்றார், இன்னொருவர் தூக்கத்திலேயே போய்ச் சேருங்கள் என்று வாழ்த்தினார்.

லேசான என்று எழுதியிருந்தேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது, குறைகிறது என்று எண்ணுகிறார்கள். 5 முதல் 15 வரை லேசு, 30 தாண்டினால் தீவிரம். எனக்கு 9. நாற்பது, ஐம்பது உள்ளவரிடம் போய் மெஷினைக் கழற்றுங்கள் என்றா சொன்னேன்? 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் அதைக் கொண்டுவந்ததால் பிழைத்தவர்கள் ஏராளம், கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் லேசானது என்றால் எடையைக் குறைக்கலாம், ராத்திரி குடியை விடலாம், கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கிற கருவியைப் பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். தாடை வலிக்குமே, பல் நகருமே என்கிறீர்கள். சிலருக்கு அப்படித்தான். மாஸ்க் ஒத்துக்கொள்ளாமல் மெஷினைப் பீரோவுக்கு மேல் ஏற்றிவைத்தவர்களைப் பற்றியும் பேசுவோமா?

எனக்கு மல்லாந்து படுத்தால்தான் தொல்லை என்று, தூங்கும்போது மூச்சை அளக்கிற ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டிலேயே இருந்தது. நைட்டியின் முதுகுப் பக்கம் ஒரு பை வைத்துத் தைத்து, அதற்குள் டென்னிஸ் பந்தைப் போட்டேன். புரண்டால் குத்தும், தானாக ஒருக்களித்துவிடுவோம். மாமியார் சிரித்தார், சிரிக்கட்டும். அப்புறம் எடுத்த ஸ்டடியில் 4 வந்தது.

உடனே இயற்கை வைத்திய கோஷ்டி என்பீர்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் சொல்லித்தான் செய்தேன் ஐயா. பகலில் தூக்கம் சொக்குகிறவர்கள், பிபி உள்ளவர்களுக்கு லேசானதிலும் மெஷின் தேவைப்படலாம், சரி, அதை அவரவர் டாக்டர் முடிவு செய்யட்டும். லேசான எல்லோருக்கும் அதுதான் ஒரே கதி என்று மிரட்டாதீர்கள்.

இந்த மிரட்டல் யாரைத் தடுக்கும் தெரியுமா? பெண்களை. வீட்டுக்காரர் குறட்டை விட்டால் பாவம், அசதி. நான் விட்டால் பொம்பளையா இவள். கல்யாண மண்டபத்தில் எல்லாப் பெண்களும் வரிசையாக ஜமுக்காளம் விரித்துப் படுத்திருக்க, சத்தம் வந்துவிடுமோ என்று விடிய விடிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரிடம் இதைச் சொல்லவே வெட்கப்படுகிறவளிடம், போனாலே முகத்தில் குழாய் மாட்டிவிடுவார்கள் என்று சொல்லிவைத்தால் அவள் டெஸ்ட்டுக்கே வரமாட்டாள். அவளுக்கு ஒருவேளை 40ஆகவே இருக்கலாம், அதையும் யோசியுங்கள் மேதாவிகளே.

அப்புறம், இன்பாக்ஸில் விடாமல் மெஷின் விலைப்பட்டியல் அனுப்புகிற தம்பி, உங்களை பிளாக் செய்துவிட்டேன்.