பெட்டிக்குள் இருந்தவருக்கு ஒரு வீடு இருந்தது

1952இல் நடந்த ஆளவந்தார் கொலையைப் படமாக்குவதற்காகக் கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ராயபுரத்தில் நடந்த படப்பிடிப்பைப் பற்றி நான் நான்கு வரி எழுதியதற்கு வந்த பதில்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "ஒரு டிரங்குப் பெட்டியைத் தெருவில் வைத்துப் படம் பிடித்ததற்கு இவ்வளவு கோபமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பெட்டியை வைத்தார்கள், அதன் அடியில் சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள், போகிற வருகிறவர்களை நிறுத்தி "ஆளவந்தாரை வெட்டிய வீடு எது?" என்று கேட்டார்கள். எதிர்வீட்டுப் பாட்டியிடம்கூடக் கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சாத்தப்பட்டதையும் படம் பிடித்துப் பின்னணி இசை சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். என் கோபம் அங்கேதான் தொடங்கியது.

ராயபுரம் செமெட்ரி ரோட்டில் 1952 ஆகஸ்ட் 28 அன்று நடந்த கொலையை இங்கே யாரும் மறைக்கவில்லை. எங்கள் தாத்தா தலைமுறை அதைப் பேசிப் பேசியே எங்களை வளர்த்தது. எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று. இந்தக் கதையைத் திரையில் காட்ட வருகிற ஒவ்வொருவரும் தலையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மனிதர்களை விட்டுவிடுகிறார்கள்.

ஆளவந்தார் யார் என்று கேட்டால் "தலையில்லாமல் ரயிலில் போனவர்" என்கிறார்கள். அவர் ராணுவப் பணியில் இருந்துவிட்டு வந்து, பாரிமுனைப் பக்கம் புகழ்பெற்ற ஒரு பேனாக் கடைக்குள் ஓரிடம் பிடித்து, பிளாஸ்டிக் பொருள்கள் விற்றவர். சேலைகளைத் தவணைக்குக் கொடுத்தவர். அன்றிரவு அவர் வீடு திரும்பவில்லை. திரும்பாத கணவரைத் தேடிக் கடைக்குப் போய், முதலாளியிடம் விசாரித்து, அவர் கடைசியாக எங்கே போனார் என்று கேட்டறிந்தவர் அவருடைய மனைவி. காவல்துறைக்கு முதல் நூல்முனை கிடைத்தது அவரால்தான். மறுநாள் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி சென்ற போட் மெயில் ரயிலில், மானாமதுரை நிலையத்தில், ஒரு பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்தது. தலையோ ராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. இருநூற்று ஐம்பது மைலுக்கு மேல் விலகிக் கிடந்த தலையும் உடலும் ஒரே மனிதருடையவை என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர்கள் நிறுவினார்கள். மரபணுச் சோதனை என்ற சொல்லே இல்லாத காலம் அது. ஒரு மனைவியின் தேடலும் ஒரு மருத்துவரின் பொறுமையும் சேர்ந்து அவிழ்த்த முடிச்சு இது. இதைவிட நல்ல கதை வேண்டுமா? ஆனால் கேமரா வைக்கிறவர்களுக்குப் பெட்டிதான் வேண்டியிருக்கிறது.

இது இன்று வந்த நோயில்லை என்பதும் எனக்குத் தெரியும். கொலை நடந்தால் உடனே அதைச் சிந்து என்ற பாட்டாகப் பாடி, மட்டமான தாளில் அச்சடித்து, காலணா அரையணாவுக்குச் சந்தைகளிலும் ரயிலடிகளிலும் விற்ற வழக்கம் பட்டணத்துக்குப் பழையது. அந்தப் பாட்டுப் புத்தகங்களுக்குக் 'குஜிலி' என்ற பெயர் வந்ததே நம் வடசென்னைக் கடைத்தெருவிலிருந்துதான். ஆனாலும் பெரும்பாலான கொலைச் சிந்துகளில் தாய் அழுவாள், மனைவி அழுவாள், பிள்ளை அப்பா எங்கே என்று கேட்கும். அரையணாப் புத்தகத்துக்கு இருந்த அந்த ஈரம் இவ்வளவு செலவில் எடுக்கப்படும் தொடர்களுக்கு ஏன் இல்லை?

"அப்படியானால் இதைப் பற்றிப் படமே எடுக்கக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. 1990களில் தூர்தர்ஷனில் இந்த வழக்கு தொடராக வந்தபோது எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்தது, நானும் பார்த்தேன். எடுங்கள். மனிதர்களை வைத்து எடுங்கள் என்கிறேன்.

"எழுபது வருடம் ஆகிவிட்டதே, இனி யாருக்கு வலிக்கப் போகிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாருக்கு வலிக்கும் என்பதை என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன். இதை இதுவரை நான் பொதுவில் எழுதியதில்லை.

என் பெரியப்பா துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் பேனா. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கப் போன இடத்தில் வாய்த்தகராறு முற்றிக் குத்திவிட்டார்கள். ஓராண்டு கழித்து ஒரு தனியார் தொலைக்காட்சி, குற்றச் சம்பவங்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் அவருடைய சாவைப் போட்டது. எங்களை யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் தற்செயலாகப் பார்த்தவர்கள் ஓடி வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் தொலைக்காட்சியைப் போட்டோம். திரையில் இருந்தவர் லுங்கியை மடித்துக் கட்டி, வாயில் பீடியோடு, "யார்கிட்ட?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். கீழே என் பெரியப்பாவின் ஊர் பெயர் ஓடியது. பெரியம்மா அழவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் என் அப்பாவைப் பார்த்து, "அவருக்குப் பீடி நாத்தமே ஆகாதே தம்பி" என்று மட்டும் சொன்னார். பிறகு பல ஆண்டுகள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் மகள் அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. குத்தியவன் கொன்றது ஒரு முறை. இவர்கள் அவரை வேறு ஆளாக்கி மறுபடியும் கொன்றார்கள். இதற்குமேல் இதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

இன்னொரு வாதமும் வந்திருக்கிறது. எனக்கு மிகவும் வலித்தது அதுதான். "ஆளவந்தார் ஒழுக்கமானவர் இல்லையே, அவருக்காக ஏன் இவ்வளவு உருகுகிறீர்கள்?" அவருக்குப் பெண்களோடு இருந்த தொடர்புகள் நீதிமன்றத்தில் பேசப்பட்டவைதான். அவரைக் கொன்றவர் அப்படித் தொடர்பில் இருந்த ஒரு பெண்ணின் கணவர். அந்தக் கணவருக்கு ஏழாண்டு, அந்தப் பெண்ணுக்கு மூன்றாண்டு என்று நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர் தண்டனை வழங்கினார். தூக்கும் இல்லை, ஆயுளும் இல்லை. அந்தக் காலத்து மக்கள் அனுதாபமும் பெருமளவு அந்தத் தம்பதியின் பக்கமே இருந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த துன்பத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் செத்தவர் ஒழுக்கமில்லாதவர் என்றால் அவருடைய மனைவி செய்த பாவம் என்ன? கணவரின் சாவையும் அவரைப் பற்றி ஊர் பேசிய பேச்சையும் ஒன்றாகச் சுமந்தவர் அவர். அவருக்கு ஒரு காட்சி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனுக்கும் இதே கதிதான். அவதூறு எழுதியவர் என்று அவரை ஒரு வரியில் முடித்துவிட்டு, அந்தக் கொலை வழக்கில் சிக்கிய நடிகர் தியாகராஜ பாகவதரின் வீழ்ச்சியைத்தான் எல்லாரும் பேசுகிறோம். பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையானார்கள். அப்படியானால் லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? அந்தக் கேள்விக்கு இன்று வரை விடை இல்லை. விடை வேண்டும் என்று கேட்பாரும் இல்லை. கெட்டவன் என்று பெயர் எடுத்தவனுடைய கொலை நமக்குக் கொலையாகவே படுவதில்லை.

இந்த ஊர் விஷயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை முதல் அதுவும் மனத்தை அறுக்கிறது. ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை என்றால் கத்தி, ரத்தம், இருட்டுச் சந்து என்று, படம் எடுக்க வருகிற நீங்களே முடிவு செய்துகொண்டு வருகிறீர்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் இங்கே நிற்கிறது. அதன் பக்கம் உங்கள் கேமரா திரும்பவே இல்லை. வந்த குழு தலையைப் புதைக்கும் காட்சியை எங்கோ தெற்கே, அகலமான மணல் கரையில் எடுத்திருக்கிறது. ராயபுரத்தில் அப்படிப்பட்ட மணல் இப்போது ஏது? துறைமுகம் வந்த பிறகு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. இன்று இருப்பது கொட்டிய பாறாங்கற்கள். கடற்கரையைக்கூட வந்து பார்க்காதவர்களுக்குக் குற்றம் நடந்த வீடு மட்டும் கதவிலக்கத்தோடு வேண்டுமாம். அந்தத் தெருவில் இன்று குடியிருப்பவர்களுக்கு இந்த வழக்கோடு என்ன தொடர்பு? அவர்கள் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் இந்தக் காணொளியைப் பார்க்க மாட்டார்களா?

"உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆம், உணர்ச்சிவசப்பட்டுத்தான் எழுதுகிறேன். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தவன் வேறு எப்படி எழுதுவான்?

நேற்று அந்தக் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். இரண்டாம் பகுதிக்கு எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெருவைப் படம் பிடிக்க அனுமதி வேண்டும் என்றார். உங்கள் கதையில் ஆளவந்தாரின் மனைவிக்கு எத்தனை காட்சிகள் இருக்கின்றன என்று கேட்டேன். இயக்குநரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் அழைக்கவில்லை. அவர்கள் ஊற்றிய சிவப்புச் சாயத்தை அம்மாவும் எதிர்வீட்டுப் பாட்டியும் மூன்று குடம் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். எங்கள் வாசலில் அதன் திட்டு இன்னும் கொஞ்சம் தெரிகிறது.