வட்டம்னா சரியாம்!

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் ஏழு வார உழைப்பு ஒரே அமுக்கில் போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கன்சோலுக்கு 2003இல் ஜப்பானில் வந்த 'இனிஷியல் டி ஸ்பெஷல் ஸ்டேஜ்' என்ற கார் பந்தய விளையாட்டு. ஷூய்ச்சி ஷிகெனோவின் மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வைத்துச் செய்தது. டோஃபு (சோயா பன்னீர்) கடைக்காரரின் மகன் தகுமி, அப்பாவின் பழைய டொயோட்டா ஏஇ86 வண்டியில் விடியற்காலையில் டோஃபு கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்தே, மலைப்பாதையில் யாராலும் பிடிக்க முடியாத ஓட்டுநராகிவிடுகிறான். வண்டியில் ஒரு கோப்பைத் தண்ணீர் இருக்கும், அது சிந்தக்கூடாது. கதையில் அகினா மலை என்று வருவது ஜப்பானின் குன்மா மாகாணத்தில் நிஜமாகவே இருக்கிற ஹருனா மலைதான். இப்படி ஒரு கதையை வைத்து விளையாட்டு செய்துவிட்டு, அதை ஆங்கிலத்தில் கொண்டுவரவே இல்லை. ஏன்யா?

மாங்கா உரிமை ஒருத்தரிடம், கார் பெயர்கள் கார் கம்பெனிகளிடம், பந்தயத்தில் அலறுகிற யூரோபீட் நடனப் பாட்டுகள் இன்னொருத்தரிடம். அதில்தான் சிக்கியிருக்கும் என்பது என் ஊகம். எனக்கு அதெல்லாம் எதற்கு? காசை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், வாங்கிக்கொள்ள ஆளில்லை.

சரி, பழைய டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நம்ம ஊர் கன்சோலில் அது ஓடாது, உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பூட்டு. அப்புறம் ஜப்பான் கன்சோல் ஒன்றையே வாங்கினேன். விற்றவர் 'செக் பண்ணியாச்சு, சூப்பர் கண்டிஷன்' என்றார். பின்பக்க ஸ்டிக்கரில் 100 வோல்ட் என்று போட்டிருப்பதை மட்டும் மூச்சு விடவில்லை. நம்ம வீட்டுச் சுவரில் வருவது 230. ப்ளக்கைச் சொருகப் போன கை, ஸ்டிக்கரைப் பார்த்து நின்றதால் தப்பித்தேன். இப்போது பக்கத்தில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். கன்சோலைவிடக் கனம், ராத்திரி முழுக்க வண்டு மாதிரி ரீங்காரம். 'எமுலேட்டர் போட்டா முடிஞ்சுது' (கணினியையே கன்சோல் மாதிரி நடிக்க வைக்கிற மென்பொருள்) என்று இந்த இடத்தில் சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

இனிதான் விஷயமே. மெனு முழுக்க ஜப்பானிய மொழி. மேலிருந்து மூன்றாவது, கீழிருந்து இரண்டாவது என்று மனப்பாடம் செய்துதான் ஓட்டினேன். இரண்டே இரண்டு வார்த்தை தெரியும்: ஹாய் என்றால் ஆமாம், ஈயே என்றால் இல்லை. ஆனால் அங்கே பொத்தான் தலைகீழ். இருபது வருஷமாக என் கட்டைவிரலுக்கு எக்ஸ் என்றால் 'சரி', வட்டம் என்றால் 'வேண்டாம்'. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வரும்வரை ஜப்பானில் வட்டம்தான் 'சரி', எக்ஸ்தான் 'வேண்டாம்'. அங்கே வாத்தியார் சரியான விடைக்கு வட்டம் போடுவாராம். நமக்கோ வாத்தியார் வட்டம் போட்டால் எழுத்துப்பிழை!

நேற்று தூக்கக் கலக்கத்தில் தவறான இடத்துக்குள் நுழைந்துவிட்டேன். திரையில் ஏதோ கேள்வி, கீழே ஹாய், ஈயே. மேலே பளிச்சென்று இருந்தது ஹாய். ஐயையோ, வேண்டாம் என்று வெளியே வரப் பார்த்தேன். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் வட்டத்தை அமுக்கியது. ஆட்டத்தைச் சேமிக்கிற மெமரி கார்டில் எழுதி முடித்துவிட்டது. அவ்வளவுதான். ஜெயித்த பந்தயங்கள், புள்ளி சேர்த்துச் சேர்த்து ஏற்றிய என் கருப்பு வெள்ளை ஏஇ86, எல்லாவற்றின் மேலும் புதுசாக ஒரு வெற்று ஆட்டம் உட்கார்ந்துவிட்டது. 8 எம்பி கார்டில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது, அங்கே போய் எழுதித் தொலைத்தால் என்ன?

அகினா மலைப்பாதையின் அந்த ஐந்து கொண்டை ஊசி வளைவில் எதிலே பிரேக், எதிலே விடணும் என்று கை பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. கை பழகியது மிச்சம்தான். ஆனால் வண்டி? முதல் நாள் வாங்கிய மாதிரி, ஏறுமுகத்தில் முனகிக்கொண்டு நிற்கிறது.

மருந்துக்கடை பிளாஸ்திரி ஒன்றை வெட்டி, வட்டப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டி 'சரி' என்று பேனாவால் எழுதிவிட்டேன். வியர்வையில் இப்போதே அழிய ஆரம்பித்துவிட்டது. வண்டு மறுபடி ரீங்கரிக்கிறது.