பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் அன்று

நிலவு தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழல் அதன்மேல் விழுவதால்தான் என்று சமூக வலைத்தளத்தில் ஒரு பதிவு சொல்கிறது; பலரும் அதை அப்படியே பகிர்ந்து வருகிறார்கள். பணிவுடன் ஒரு திருத்தம். பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. அதுவும் பௌர்ணமியன்றுதான் நிகழ முடியும். மற்ற நேரமெல்லாம் நிலவின் ஒரு பாதி சூரிய ஒளியில்தான் இருக்கிறது. நிலவு பூமியைச் சுற்றி வருகையில் அந்த ஒளிர்ந்த பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அதுவே சுமார் 29.5 நாளுக்கொரு முறை மீண்டும் வரும் பிறைகளாகத் தெரிகிறது. பாடநூல்களில் கிரகணப் படமும் பிறைப் படமும் அடுத்தடுத்து வருவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது போலும்.

சரிபார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை. நாட்காட்டியில் வளர்பிறை அஷ்டமி என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு, அன்று சூரியன் மறைவதற்குச் சற்று முன் மொட்டைமாடிக்குச் செல்லுங்கள். சூரியன் மேற்கே தாழ்ந்திருக்க, பாதி நிலவு நடுவானில் நிற்கும். அதன் ஒளிர்ந்த பக்கம் சூரியனை நோக்கியே இருக்கும். பூமியின் நிழலோ சூரியனுக்கு நேரெதிரே, கிழக்கு அடிவானத்தை ஒட்டியே இருக்க முடியும் என்பதால், ஏறத்தாழ 90 பாகை தள்ளி நிற்கும் நிலவை அது எட்ட வழியில்லை. வெயில் படும்படி ஓர் எலுமிச்சம்பழத்தை அந்த நிலவுக்கு நேரே நீட்டிப் பிடித்தால், பழத்திலும் அதே பாதி வெளிச்சத்தைக் காணலாம்.