ஒக்லஹோமா நடுங்கியது இயற்கையாலா?

அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் வந்த நிலநடுக்கங்களுக்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. 2009க்கு முன் அங்கே 3 ரிக்டருக்கு மேற்பட்ட நடுக்கம் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான். 2015ல் 900ஐத் தாண்டியது. இயற்கை இவ்வளவு வேகமாகத் தாவாது.

எண்ணெயோடும் வாயுவோடும் மேலே வரும் கடும் உப்புநீரை ஆர்பக்கிள் என்ற ஆழமான பாறை அடுக்குக்குள் அழுத்தி இறக்கினார்கள். அந்த அழுத்தம் அடியிலிருந்த பழைய பிளவுகள் வரை பரவி, இறுகிக் கிடந்த பாறைகளை வழுக்கவிட்டது. 2011 நவம்பரில் பிரேக் ஊரருகே நடுங்கியபோது, ஷானி நகரப் பல்கலைக்கழகக் கட்டடத்தின் கோபுரம் ஒன்று இடிந்தே விழுந்தது. சரி, எண்ணெயும் வாயுவும் எடுக்க நீரைப் பாய்ச்சிப் பாறையை உடைக்கும் ஃபிராக்கிங்தான் முழுக் காரணமா? அதன் பங்கு சிறிது. பெரும்பங்கு கழிவாக இறக்கிய இந்த உப்புநீருக்கு. இறக்கும் அளவைக் குறைத்த பிறகு, 2016லிருந்து நடுக்கங்களும் குறைந்தன.