கஷ்டம் தீராமலே வரும் ஆசீர்வாதம்

சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் நாம் கேட்பவை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். நோய் வந்தது, ஜெபித்தோம், சுகம் கிடைத்தது. வேலை போனது, ஜெபித்தோம், அதைவிட நல்ல வேலை கிடைத்தது. அவர்களுடைய சந்தோஷத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே வரிசையில் சுகம் கிடைக்காதவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் முன்னால் அழைப்பதில்லை. கஷ்டம் தீர்ந்தால்தான் ஆசீர்வாதம் என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

வேதம் அப்படி எழுதவில்லை. ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன்னிடம் வந்த தேவதூதனோடு இரவெல்லாம் போராடி, "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்" என்கிறான். ஆசீர்வாதம் கிடைக்கிறது. கூடவே தொடைச்சந்து சுளுக்கி, நொண்டிக்கொண்டு போகிறான். எதிரே 400 பேருடன், அவன் பயந்துகொண்டிருந்த அண்ணன் ஏசா இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறான்! அந்த இரவில் யாக்கோபின் பிரச்சினை எதுவும் தீரவில்லை. அப்போஸ்தலன் பவுலும் தன் மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன உபத்திரவத்தை எடுத்துவிடும்படி கர்த்தரிடம் மூன்று முறை கேட்டார். முள் போனதாக எங்கும் இல்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது.

சொத்தையும் பிள்ளைகளையும் இழந்த யோபுவைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் இரட்டிப்பான ஆசீர்வாதத்தில் வந்து நிறுத்துவார்கள். 7,000 ஆடுகள் 14,000 ஆயின, உண்மைதான். பிள்ளைகள்? முன்பு பத்துப் பேர், பிறகும் பத்துப் பேர். இறந்துபோன பத்துப் பேரும் திரும்பி வரவில்லை. அந்தத் தகப்பன் அவர்களை மறந்திருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

என் கணவர் நீண்ட காலமாக நோயாளி. இன்றும் அப்படித்தான். ஆரம்ப மாதங்களில் எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8இல் வாசித்தபோது, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். பலர் வந்து வசனம் சொன்னார்கள். சபையைச் சேர்ந்த ஒரு அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இரவுகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தூங்க அனுப்பினார். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் பேசிக் கெடுத்தார்கள் என்பது வேறு கதை. எனக்குக் கிடைத்த ஆசீர்வாதம் எது என்று கேட்டால், அந்தத் தூக்கத்தைத்தான் சொல்வேன். கர்த்தர் அனுப்பிய உதவி என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

முறையிடுவது அவிசுவாசம் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு 88ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்ட வேண்டும். கடைசி வரி வரைக்கும் ஆறுதல் கிடையாது. ஆனாலும் அதைப் பாடியவன் கர்த்தரிடம்தான் முறையிடுகிறான், அவரை விட்டுப் போகவில்லை. அந்தப் பாட்டை வேதத்தில் சேர்த்து வைத்திருப்பதே எனக்குப் பெரிய தைரியம்.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற வசனத்தை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் பாடுபடுகிறவர் அதைத் தன் வாயால் சொல்லும் நாள் வரும்வரை நாம் காத்திருக்கலாம். நேற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் யாராவது அதை ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். விசுவாசக் குறைவு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.